வட்டத்துக்குள் உட்கார்ந்தவர்கள்

மூடிப்போன நூற்பு மில்லை இடித்துத் தள்ளி, அந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் எழுப்பி, வருகிறவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளட்டும் என்று பழைய புகைபோக்கியை மட்டும் விட்டுவைத்திருந்த சிங்காநல்லூர் கம்பெனி ஒன்றில், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், இருதயராஜின் கணினித் திரையில் நெடுநேரமாகச் சுற்றிக்கொண்டிருந்த நீல வட்டம், சுற்றிச் சுற்றிச் சலித்துப்போய், திரையை விட்டு நழுவி மேஜைமேல் விழுந்தது. விழுந்த பிறகும் சுற்றுவதை நிறுத்தவில்லை. முறுக்குத் தட்டின் அளவு இருந்தது. தொட்டால் தண்ணீர்ப் பானையின் வயிறுபோல் குளிர்ந்தது. சத்தம் என்பதே இல்லை.

அந்தக் கம்பெனியில் வெள்ளிக்கிழமை என்றால் டைம்ஷீட். வாரம் முழுக்க எந்த மணியில் எந்த வேலை பார்த்தோம் என்று ஒவ்வொருவரும் அலுவலக மென்பொருளில் பதிந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக முடியும். பதிவதற்குச் செலவாகும் நேரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று இருதயராஜ் ஒருமுறை மேலிடத்தைக் கேட்டார், பதில் இன்றுவரை வரவில்லை. பொத்தானை அழுத்தினால் வட்டம் வரும், அதன் கீழே ‘தயவுசெய்து காத்திருக்கவும்’ என்ற எழுத்து வரும். வட்டம் சுற்றும்போது மவுஸைத் தொட்டால் எல்லாம் முதலிலிருந்து என்பது அந்த மாடியில் எல்லோரும் அறிந்த சாத்திரம். ஆகவே கைகளை மடியில் கட்டிக்கொண்டு, குரல் தாழ்த்தி, பூசைக்குக் காத்திருக்கும் சபைபோல் உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தி ஈச்சனாரிப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொள்வாள். ஒருவன் வட்டத்தைப் பார்த்தால் அது வெட்கப்பட்டு நின்றுவிடும் என்று நம்பி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வான்.

வட்டம் ஏன் நிற்பதில்லை என்பது இருதயராஜுக்கு மட்டும் தெரியும். டைம்ஷீட் மென்பொருள், விடுமுறைப் பட்டியலைத் தரும்படி இன்னொரு மென்பொருளைக் கேட்கிறது. அந்த மென்பொருளோ, முதலில் நீ டைம்ஷீட்டைக் கொடு, பிறகு விடுமுறையைச் சொல்கிறேன் என்கிறது. இது அதற்காகக் காத்து நிற்க, அது இதற்காகக் காத்து நிற்க, இரண்டுக்கும் நடுவில் கம்பெனியே நிற்கிறது. தீர்வு ஒரே ஒரு வரிதான். இரண்டில் ஒன்று, பதில் வராவிட்டாலும் போகட்டும் என்று வெறுங்கையோடு நடக்க வேண்டும். அதை அவர் எழுதி அனுப்பியபோது, மென்பொருள் எப்படி இயங்க வேண்டுமோ அப்படித்தான் இயங்குகிறது என்று பதில் போட்டுப் புகாரை மூடிவிட்டார்கள். சரி, கேட்காதவனுக்குச் செய்யும் வேலை அடிமை வேலை என்று அவரும் அந்த வரியைத் தன் தலைக்குள்ளேயே வைத்துப் பூட்டிக்கொண்டார்.

இருதயராஜுக்கு அந்தப் பிடிவாதம் மில் வாசலில் வந்தது. இதே மண்ணில், மில் ஓடிய காலத்தில், பஞ்சுத் தூசி படிந்த தலையோடு துண்டுப் பிரசுரம் விநியோகித்த வாலிபர் அவர். உலகத்தில் யார் யாரை ஏய்க்கிறார்கள் என்பதையும், எழுவாய் எங்கே பயனிலை எங்கே என்பதையும் சேர்த்தே பிரசுரங்களில்தான் படித்தார். மில் மூடியபின் மாலை வகுப்பில் கணினி கற்று, தன் பிள்ளை வயதுக்காரர்களோடு உட்கார்ந்து வேலை பார்த்தார். அவர்கள் பாதி கேலியாகத் ‘தோழர்’ என்று கூப்பிட்டார்கள். மீதிப் பாதி மரியாதைதான் என்று அவர் எடுத்துக்கொண்டார். மெனக்கெட்டு ஒரு ஊழியர் சங்கமும் கட்டியிருந்தார். கூட்டத்துக்கு வருகிறவர்களைவிட டீக்கு வருகிறவர்கள் அதிகம்.

வட்டத்தை அவர் திட்டாத வெள்ளிக்கிழமை இல்லை. ஆனாலும் அது சுற்றிய நேரத்தில்தான் அவர் உலகம் சுற்றினார். பக்கத்து மேஜை நூர்ஜஹான், உக்கடத்துப் பெண், மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பவள், தன் நாற்காலியை இவர் பக்கம் உருட்டிக்கொண்டு வருவாள். இருவரும் இவர் கைபேசியில் வலைத்தளம் வலைத்தளமாகத் தேடிப் போவார்கள். பூமியில் எங்கெங்கே எந்தெந்தத் தவளை எப்படிக் கத்துகிறது என்று சேர்த்து வைத்தவர்கள் இருந்தார்கள். கப்பல்காரன் போடும் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் காட்டும் கிழவர் ஒருவர் இருந்தார். எல்லாவற்றையும்விட அவர்களுக்கு உயிர், பனி கொட்டும் ஏதோ ஓர் ஊரில் ஒரு மனிதர் நடத்திவந்த பக்கம். அவர் தன் ஊரில் உள்ள ஒவ்வொரு வீட்டுக் கதவும் திறக்கும்போது போடும் சத்தத்தைப் பதிந்து, ஊரின் வரைபடத்தில் வைத்திருந்தார். வீட்டைத் தொட்டால் கதவு திறக்கும் சத்தம் கேட்கும். ரொட்டிக்கடைக் கதவு பூனைபோல் கத்தும். பள்ளிக்கூடக் கதவு இருமும். காசு வரும் என்று யாரும் செய்யாத வேலை அது. அதனாலேயே இருதயராஜ் அந்த மனிதரைத் தன் கட்சிக்காரராக எண்ணினார். வாரம் ஒரு கதவு, ஒருவர் இல்லாமல் மற்றவர் கேட்கக் கூடாது என்பது அவர்களுக்குள் ஒப்பந்தம்.

அப்படியிருக்கத்தான் வட்டம் விழுந்தது. நிர்வாக அலுவலர் வந்து பார்த்துவிட்டு, இது கம்பெனிச் சொத்தா, ஊழியர் கொண்டுவந்ததா என்று கேட்டு, கம்பெனிச் சொத்து என்று தெரிந்ததும் எண் அச்சடித்த ஒட்டுச்சீட்டை அதன்மேல் ஒட்டிவிட்டுப் போனார். வட்டம் சுற்றியது, சீட்டு சுற்றாமல் நின்றது. திங்கட்கிழமை காலை மேஜை துடைக்க வந்த ருக்மணியம்மா வட்டத்தைத் துணியால் பிடித்துத் தூக்கி, அடியில் துடைத்து, திரும்ப வைத்தார். கையிலிருந்த டீயை அதன் நடுவில் மறந்துவிட்டுப் போய், சாப்பாட்டுக்குப் பிறகு வந்து வட்டத்தைத் தூக்கிப் பார்த்தால், டீ ஆவி பறக்க இருந்தது.

“ஏனுங் சார், இதுக்குள்ள வெச்சதெல்லாம் காத்துக்கிட்டு இருக்குதுங்க,” என்று அவர் இருதயராஜிடம் சொன்னார். அதற்குமேல் யாரும் விளக்கம் தேடவில்லை.

பிறகு எல்லோருக்கும் அது பழகிப்போயிற்று. பெண்கள் வெள்ளிக்கிழமைப் பூவை அதில் வைத்துத் திங்கட்கிழமை எடுத்துச் சூடிக்கொண்டார்கள். தோசை மாவு புளிக்காமல் இருந்தது. ஒருவன் தன் நெற்றியிலிருந்த ஈரத்துணியை உள்ளே வைத்துவிட்டுத் தங்கை கல்யாணத்துக்குப் போய்வந்தான், அதுவரை காய்ச்சல் அங்கேயே அவனுக்காக உட்கார்ந்திருந்தது. மனைவியோடு சண்டையிட்டவன் மோதிரத்தைக் கழற்றி வைத்தான். வாடிக்கையாளரின் கோபம் கொதிக்கும் கைபேசியை மேலாளரே ரகசியமாகக் கொண்டுவந்து வைத்தார். வைக்க வைக்க வட்டம் வளர்ந்தது. முறத்தின் அளவாகி, வண்டிச் சக்கரத்தின் அளவாகி, மேஜை கொள்ளாமல் போனதும், ஆளுயரப் பூச்சட்டிகளை நகர்த்திவிட்டுக் கூட்ட அறையின் தரையில் அதைக் கிடத்தினார்கள். ஆயுதபூசையன்று சந்தனம் குங்குமம் வைத்து, பொரி தூவினார்கள். பொரி நமுத்துப்போகாமல் கிடந்தது.

காத்திருப்பு முழுவதும் தரைக்கு இறங்கிவிட்டதால், திரையில் டைம்ஷீட் கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்தது. மாடியே கைதட்டியது. அடுத்த வாரமே, வெள்ளிக்கிழமை மிச்சமாகும் நேரத்துக்கென்று புதிய வேலை ஒன்று எல்லோர் தலையிலும் ஏறியது. மிச்சமாகும் நேரம் உழைக்கிறவனுக்கு மிச்சமானதாகச் சரித்திரம் இல்லை. தவளைகளும் முடிச்சுகளும் கதவுகளும் அதோடு போயின. “அடுத்த கதவு எப்பண்ணா?” என்று நூர்ஜஹான் கேட்பாள், இருவரும் சிரித்துவிட்டு அவரவர் திரைக்குத் திரும்பிக்கொள்வார்கள்.

ஆடி மாதத்தில் கம்பெனி ஆட்குறைப்பைத் தொடங்கியது. அந்தத் தொழிலில் அதற்கு ஒரு நாகரிகம் உண்டு. யாரையும் வெளியே போ என்று சொல்ல மாட்டார்கள். ஹெச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டு, தண்ணீர் கொடுத்து, நீங்களாகவே விலகுவதாக மென்பொருளில் உங்கள் விரலால் ஒரு பொத்தானை அழுத்துங்கள் என்பார்கள். அழுத்திவிட்டால், நீயாகப் போனவன், வழக்கில்லை. முதல் அழைப்பு வந்தவர்களில் நூர்ஜஹான் ஒருத்தி. கணவர் அக்பர் அலி மின்விசிறி மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றுகிறவர். மகள் ஷிஃபானா அப்போதுதான் ஒன்றாம் வகுப்பு சேர்ந்திருந்தாள். வீட்டின் நிலையான சம்பளம் இவளுடையதுதான்.

இருதயராஜ் முதலில் சரியானதைத்தான் சொன்னார். யாரும் பொத்தானை அழுத்த வேண்டாம், எல்லோரும் வாசலில் நிற்போம், தொழிலாளர் துறையில் மனுக் கொடுப்போம் என்றார். மறுநாள் காலையில் வாசலில் அவரும் நூர்ஜஹானும் புகைபோக்கியும்தான் நின்றார்கள். அழைப்பு வந்த மற்றவர்கள் பயந்து வீட்டோடு இருந்துவிட்டார்கள், வராதவர்கள் அடையாள அட்டையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு பக்க வழியாக உள்ளே போனார்கள். அந்த அவமானம் அவர் நெஞ்சில் எரிந்துகொண்டிருந்தபோதுதான், கூட்ட அறையில் சுற்றும் வட்டம் அவர் கண்ணில் பட்டது. ஆள் பிடிக்க வேண்டியதில்லை, பந்தல் வேண்டியதில்லை, பசிக்காது, போலீஸ் வந்தாலும் தூக்க முடியாது. உள்ளே உட்கார்ந்தவர் விரலைப் பிடித்து எவனும் பொத்தான் அழுத்த வைக்க முடியாது. உலகம் பார்க்காத உள்ளிருப்புப் போராட்டம் என்று அவருக்குப் பட்டது. வெகுகாலத்துக்குப் பிறகு ஒரு பிரசுரம் எழுதினார். இரும்பு நரம்பு கொண்ட வாக்கியங்கள் பழையபடி வந்தன. அதை வாசித்துக் காட்டியபோது அழைப்பு வந்த அத்தனை பேருக்கும் கண் கலங்கியது.

ருக்மணியம்மா மட்டும் ஒரு வார்த்தை கேட்டார். “டீயைத் தூக்குனேன், பூவைத் தூக்குனேன். இத்தனை சனத்தை ஆருங்க தூக்கறது?”

“அவங்களே வந்து தூக்குவாங்கம்மா, ஒரு வாரத்துல,” என்றார் இருதயராஜ்.

நூர்ஜஹான்தான் முதலில் காலெடுத்து வைத்தாள். கால் வைக்கும்போது ருக்மணியம்மா அவள் கையில் ஒரு டம்ளர் டீ கொடுத்தார். அவள் சப்பணமிட்டு உட்கார்ந்து, திரும்பி, சிரித்தாள். “நான் வர்றதுக்குள்ள அந்த அடுத்த கதவை நீங்க மட்டும் தனியா...” என்றவளின் உதடுகள் அந்த இடத்தில் நின்றன. மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போய் உட்கார்ந்தார்கள். வட்டம் சுவரோரம் மட்டும் விட்டு அறை முழுதும் விரிந்தது. இருதயராஜ் வெளியே நின்றார்; பேச்சுவார்த்தைக்கு ஒருவர் வெளியே வேண்டும் அல்லவா.

பேச்சுவார்த்தைக்கு யாரும் கூப்பிடவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு அவரே ஹெச்.ஆர். அறைக்குப் போனார். அதிகாரியான இளம்பெண் எழுந்து நின்று நாற்காலி காட்டினாள்.

“சார், நாங்க யாரையும் நிறுத்தி வைக்கலையே. அவங்களா விருப்பப்பட்டு வெயிட் பண்றாங்க. எத்தனை நாள் வேணும்னாலும் வெயிட் பண்ணட்டும் சார், எங்களுக்கு ஒரு சிரமமும் இல்லை.”

உண்மையிலேயே சிரமம் இல்லை. உட்கார்ந்திருப்பவர்கள் டைம்ஷீட் பதிவதில்லை, ஆகவே சம்பளம் இல்லை. விலக்கவில்லை, ஆகவே இழப்பீடும் இல்லை. தொழிலாளர் துறையில், கையெழுத்திட முடியாதவர்கள் மனுதாரர் ஆக முடியாது என்று மனுவைத் திருப்பினார்கள். கம்பெனி அந்த அறையில் மெல்லிய விளக்கு போட்டு, பூச்சட்டிகளைத் திரும்ப வைத்தது. வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வந்தால் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிறுத்தி, எங்கள் ஊழியர்களின் பொறுமை என்று காட்டியது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள், அது ஏதோ தியான அறை என்று எண்ணி, கடக்கும்போது செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்தார்கள். மாடி அதையும் பழகிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பங்கள் வர அனுமதி இருந்தது. உள்ளே நீட்டிய கையும் காத்து நின்றுவிடும் என்பதால் தொட முடியாது. கரையில் உட்கார்ந்து, வீட்டுச் சேதி சொல்லி, பிள்ளையின் மார்க்கைச் சொல்லி, கொண்டுவந்த சோற்றைத் தாங்களே உண்டுவிட்டுப் போவார்கள். ஒரு நாள் எல்லோரும் சேர்ந்து வட்டத்தைத் தூக்கிப் பார்த்தார்கள். கடப்பாரை போட்டு நெம்பினார்கள். மனிதர்கள் காத்திருக்கும் கனம் அசையவில்லை.

தூக்க ஒரு வழி இருக்கிறது என்பது இருதயராஜுக்குத் தெரியும். அந்த ஒரு வரி. அதை எழுதினால் காத்திருப்பு இல்லை, வட்டம் இல்லை. ஆனால் வட்டம் போனால் போராட்டமும் போயிற்று, கையில் ஒன்றும் இல்லாமல் போயிற்று. மில் வேலைநிறுத்தத்தின் கடைசி நாளில் மாரப்பன் என்ற தலைவர் உள்ளே போய்ப் பேசிவிட்டு, வெறுங்கையோடு வெளியே வந்து, பிள்ளைகள் பட்டினி கிடக்கிறார்கள், வேலைக்குப் போங்கள் என்றார். அவரைத் துரோகி என்று அச்சடித்து ஊரெங்கும் ஒட்டியவர் இருதயராஜ். அந்த மனிதர் அதற்குப்பின் எந்த டீக்கடையிலும் நிமிர்ந்து உட்காரவில்லை, செத்தபோது கொடி போர்த்தவும் ஆளில்லை. நான் மாரப்பன் ஆவதா என்று இருதயராஜ் தன்னையே கேட்டுக்கொண்டார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கம்பெனிக்காக இவர் நின்றார். கம்பெனி இவருக்காக நிற்கவில்லை, நிற்கும் அவசியம் அதற்கு இல்லை. இதைக் கண்டுகொள்ள, ஊருக்கெல்லாம் சுரண்டலை விளக்கிய மனிதருக்கு வருஷங்கள் தேவைப்பட்டன.

மழைகள் போயின. அக்பர் அலியின் தாடியில் வெள்ளை இறங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் இருதயராஜின் அருகில் வந்து, குரலை உயர்த்தாமல் பேசினார்.

“அண்ணே, ஜெயிச்சா சொல்லி அனுப்புங்க. தோத்தாலும் சொல்லி அனுப்புங்க. தோத்தா, வேற வேலை பார்த்துப் பொழைச்சுக்குவோம். ரெண்டும் இல்லாம இருக்கறதுதான் முடியலை.”

போராட்டம் நடந்துகொண்டிருக்கிறது என்று இருதயராஜ் சொன்னார். அக்பர் அலி கண்ணாடிக்குள் பார்த்தார். “எங்கண்ணே நடக்குது? உக்காந்துதான இருக்குது,” என்றார். அதன்பின் அவர் வருவது குறைந்தது. ஷிஃபானா மட்டும் தவறாமல் வந்தாள். முதலில் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு, பிறகு சைக்கிளில், பிறகு பேருந்தில். அம்மாவோடு பேசி முடித்ததும் இருதயராஜிடம் வந்து உட்காருவாள். அவர் தவளைகளைக் கேட்கவைத்தார், முடிச்சுகளைக் காட்டினார். கதவுகளையும் கேட்க வேண்டும் என்று அவள் சொன்னபோது மட்டும், அது உன் அம்மா வந்தபிறகுதான், ஒப்பந்தம் என்றார். அவளும் வற்புறுத்தவில்லை.

இருதயராஜ் ஓய்வுபெறும் வருஷம் அது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம், மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தவர், கதவு மனிதரின் இணையப் பக்கம் இன்னும் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்போம், கேட்க வேண்டாம் என்று எண்ணித் திறந்தார். பக்கம் இல்லை. நீங்கள் தேடியது இங்கே கிடையாது என்ற ஒரு வரி மட்டும் வெள்ளைத் திரையில் நின்றது. வேறு வேறு வழியாகத் தேடினார். கடைசியில் யாரோ ஒருவரின் குறிப்பு கிடைத்தது: கதவு மனிதர் இறந்துவிட்டார், இணையத்தில் இடவாடகை கட்ட ஆளில்லாமல் பக்கம் அணைந்துவிட்டது. கேட்காமல் மிச்சம் வைத்திருந்த கதவுகள் அத்தனையும், ஒரு ஊர் முழுவதும், அவர் காத்திருந்த நேரத்தில் மூடிக்கொண்டுவிட்டன. எதையும் வைத்தால் கெடாது என்பது வட்டத்துக்கு உள்ளே மட்டும்தான் சட்டம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

யாரிடமும் போய் அனுமதி கேட்கவில்லை. பழைய நிரலைத் திறந்தார். இத்தனை காலம் தலைக்குள் பூட்டி வைத்திருந்த வரியை எழுதினார். பதில் வராவிட்டாலும் நட. மாரப்பனின் முகம் நினைவுக்கு வந்தது. அந்த முகத்தில் அவமானம் என்று தான் அன்று படித்தது வேறு ஏதோ என்று இப்போது பட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல அந்த மனிதர் எங்கும் இல்லை. ஷிஃபானாவையும் அக்பர் அலியையும் மற்றக் குடும்பங்களையும் வரச்சொல்லி அழைத்துவிட்டு, அவர்கள் வந்து சேர்ந்தபின் பொத்தானை அழுத்தினார்.

வட்டம் சத்தமில்லாமல் சுருங்கியது. அறையளவிலிருந்து வண்டிச் சக்கரமாகி, முறமாகி, தட்டாகி, ஒரு பொட்டாகி, அந்த ஒட்டுச்சீட்டை மட்டும் தரையில் விட்டுவிட்டு மறைந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் கால் மரத்ததுபோல் அசைந்தார்கள். பெண்களின் தலையில் வாடாமல் இருந்த பூக்களின் மணம் ஒரே நேரத்தில் அறையில் எழுந்தது.

“...கேட்டுடாதீங்கண்ணா,” என்று நூர்ஜஹான் வாக்கியத்தை முடித்தாள்.

பிறகு அவர் தலை முழுக்க நரைத்திருப்பதைக் கண்டு, சிரிப்பு பாதியில் நிற்க, “ஒத்துக்கிட்டாங்களா?” என்றாள்.

எத்தனையோ வாசல்களில் ஒலிபெருக்கி இல்லாமலேயே பேசியவர், இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். உள்ளங்கைகளில் ஒன்றும் இல்லை.

நூர்ஜஹான் அந்தக் கைகளைப் பார்த்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். வெள்ளைத் தாடியோடு ஒருவர் சுவரில் சாய்ந்து முகத்தைத் துண்டால் மூடியிருந்தார், அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. எதிரில், தன்னைவிட ஒரு பிடி உயரமாக, இரட்டைச் சடையும் மேல்நிலைப் பள்ளிச் சீருடையுமாக ஒரு பெண் நின்றாள். ஊர்ப் பிள்ளைகளிடம் பேசுகிற அன்போடு நூர்ஜஹான் கேட்டாள்.

“நீ யாரு பொண்ணு, கண்ணு?”

ஷிஃபானா மண்டியிட்டு உட்கார்ந்து, அம்மாவின் கையில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்த டம்ளரை, அந்தக் கையோடு சேர்த்துத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

“குடிங்கம்மா,” என்றாள். “ஆறிப்போயிரும்.”